செய்திக்குழுவில் நான் போட்ட சண்டைகள்

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வந்த உருப்படியான வேலை ஒன்றே ஒன்றுதான். புத்தகமாக வராத என் பழைய சிறுகதைகளைத் தேடி எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு பதிப்பாளர் சென்னையிலிருந்து கேட்டிருந்தார். தேடுவதற்கு ஒன்றுமில்லை. தொண்ணூறுகளில் அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்து, பின்னால் ஒரு குறுந்தகட்டில் ஏற்றி, டில்லி துவாரகா வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தேன். கோப்புகள் பத்திரமாக இருந்தன. திறந்தபோதுதான் சிக்கல். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு. நான் நம்பியிருந்த எழுத்துரு செத்துப் பல வருடமாகிறது. என் கதைகள் திரையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவும் கேள்விக்குறிகளாகவும் ஓடின. எந்த இடத்தில் கதாநாயகி அழுகிறாள் என்பது எழுதிய எனக்கே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த எழுத்துருவின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினேன். வந்த பக்கங்களில் ஒன்று வெள்ளைப் பின்னணியில் வெறும் கறுப்பு எழுத்தாக இருந்தது. விளம்பரம் இல்லை, படம் இல்லை. யாரோ புண்ணியவான்கள் பழைய செய்திக்குழுக்களின் மடல்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தார்கள். மேலே ஒரு தேடல் பெட்டி. என் எழுத்துருவைப் பற்றி அங்கே ஒரு காலத்தில் பெரிய விவாதமே நடந்திருந்தது. அதை மாற்றித் தரும் ஒரு சின்ன நிரலுக்கும் வழி கிடைத்தது. அன்றைக்கே கதைகள் தமிழாகிவிட்டன. அதில் ஐந்து கதைகள் கேள்விக்குறியாகவே இருந்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

வந்த வேலை முடிந்தது என்று அந்தப் பக்கத்தை மூடியிருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் என் பெயரை அடித்தேன்.

செய்திக்குழு என்றால் என்ன என்று இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். இன்றைய சமூக ஊடகங்களெல்லாம் வருவதற்கு முந்தைய ஏற்பாடு அது. உலகத்துக்கே பொதுவான ஒரு அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு மடலை ஒட்டுவார். அதன் கீழே எந்த நாட்டிலிருந்தும் யாரும் பதில் ஒட்டலாம். பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு குழு, வானியலுக்கு ஒரு குழு, தமிழுக்கும் ஒரு குழு. டில்லியில் எங்கள் அரசாங்க அலுவலகத்தில் வெளியுலகத் தொடர்புள்ள கணினி ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பொறுப்பு என்றால் சாவி என் பையில் இருந்தது என்று அர்த்தம்.

செய்திக்குழுவின் மடல்களில் தமிழ் எழுத்து வராது. ஆகவே எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதினோம். ழகரத்துக்கு எந்த எழுத்தைப் போடுவது என்று தொடங்கிய சண்டை, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதவே கூடாது என்ற இடத்துக்குப் போய் நின்றது. அந்தக் கட்சியின் தளபதி நான். எழுதவே கூடாது என்று இரண்டு வருடம் எழுதினேன், ஆங்கில எழுத்தில்.

இலக்கியக் கூட்டங்களில் இதைப் பற்றி நான் பலமுறை பேசியிருக்கிறேன். 'இணையத்தின் ஆரம்ப நாட்களில் தமிழுக்காக நிதானமாக வாதாடிய சிலரில் அடியேனும் ஒருவன்' என்பேன். அதைச் சொல்லும்போது குரல் தானாகத் தணியும். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் நினைவில் நான் நிதானமாகத்தான் இருந்தேன்.

தேடல் பெட்டிக்கு அந்த நினைவு இல்லை. பட்டியல் பக்கம் பக்கமாக வந்தது. முதல் மடலில் ஒருவரை 'அரைவேக்காடு' என்றிருந்தேன். இரண்டாவது மடலில் அதற்கு மன்னிப்புக் கேட்டு, 'அரை என்பது மிகை' என்று எழுதியிருந்தேன். மூன்றாவதில் எதிரே நின்றவர் தொலைதூரத்துக் குளிர்தேசம் ஒன்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தமிழர். அவரைத் 'தமிழைக் கூறுபோட்டு விற்கிற தரகர்' என்றிருந்தேன். அவர் பதிலுக்கு 'அன்புள்ள நண்பருக்கு' என்று ஆரம்பித்திருந்தார். எல்லாப் பதிலும் அப்படியே ஆரம்பித்தது. அதுவே எனக்கு அப்போது எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. என் மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது நீங்களா? அரே வா! எவ்வளவு பத்தமீஸா, மரியாதையே இல்லாம எழுதியிருக்கீங்க!"

"உனக்கு இது புரியுதா?"

"ஏன் புரியாது? எல்லாம் ஏ பி சி டி தானே."

அப்போதுதான் உறைத்தது. என் மகள் டில்லியில் பிறந்து வளர்ந்தவள். குருகிராமில் வேலை. வீட்டில் தமிழ் பேசுவாள், நடுநடுவே ஹிந்தி ஓடும். தமிழ் எழுத்து தெரியாது. சிறுவயதில் இரண்டு முறை ஆரம்பித்து, இரண்டு முறையும் 'ஙா'வில் நின்றுவிட்டது. வரவேற்பறை அலமாரியில் என் மூன்று புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றை அவள் நிறத்தால் அடையாளம் சொல்வாள். நீலப் புத்தகம், மஞ்சள் புத்தகம், அந்த அசிங்கமான பச்சை. இருபத்தொன்பது வருடத்தில் அப்பா எழுதியதில் அவள் படித்த முதல் வரி, ஒருவரை அரைவேக்காடு என்று நான் திட்டியது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மடிக்கணினி கை மாறியது. ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தாள். நன்றாகத்தான் படித்தாள். ழகரம்கூட ஒழுங்காக வந்தது. ஒரு மடலில் வேகம் குறைந்தது.

"'எனக்குப் பிறக்கப்போகும் குழந்தை ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல்லையும் படிக்காது. இது என் சத்தியம்.'" நிறுத்தி என்னைப் பார்த்தாள். "பிறக்கப்போகும் குழந்தைன்னா நான்தானே?"

"ஆமா."

"சாரி அப்பா" என்றாள். சிரிக்காமல் சொன்னதால்தான் கஷ்டமாக இருந்தது.

அதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள். அவள் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவள். எங்கள் இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். எனக்கு டில்லியில் பேச்சு கலங்கிவிட்டது. அவளுக்கு ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"என்னட்டி, அப்பனும் மகளும் சிரிக்கிய?"

மகள் விவரம் சொன்னாள். பழைய மடல்கள், எல்லாம் அப்படியே இருக்கின்றன, எழுதிய தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்கிறது.

"நேரமுமா?" என்றாள் மனைவி. கையைத் துடைத்துக்கொண்டாள். "தேதி போட்டுத் தேட முடியுமா?"

"முடியும்மா."

உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் ஒரு பழுப்புக் கோப்பு. கிட்வாய் நகரில் நாங்கள் சின்னக் குவார்ட்டர்ஸிலிருந்து பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறிய ஒதுக்கீட்டு உத்தரவு அதில் இருந்தது. வீட்டை ஒப்படைத்த தேதி, ஏற்றுக்கொண்ட தேதி, அவளுடைய கையெழுத்து. கையெழுத்து அவளுடையது மட்டும்தான். வீடு மாறிய அன்று நான் இல்லை.

"இந்தத் தேதியைப் போடு" என்றாள் மகளிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்குப் பக்கத்து வீட்டுக்கு போன் பண்ணி என்ன சொன்னிய? மிஷின் கெட்டுப்போச்சு, ஆபீஸை விட்டு நகர முடியாதுன்னுலா சொன்னிய?"

"கெட்டுத்தான் போயிருந்தது" என்றேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

"இவ வயித்துல ஏழு மாசம். டெம்போக்காரன்கிட்ட 'பையா, ஜல்தி கரோ, பையா, ஜல்தி கரோ'ன்னு நான் ஒருத்தியா நின்னு சாமான் ஏத்துனேன். அம்மி ஏத்தினதும் நான்தான்."

மகள் தேதியைத் தட்டினாள். கெட்டுப்போன மிஷினிலிருந்து அன்று பதினோரு மடல் போயிருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். முதல் மடலின் நேரம் காலை ஏழு என்றிருந்தது, கடைசி மடல் பத்தரை. எனக்கு உயிர் வந்தது.

"பாத்தியா, எல்லாம் காலையில எழுதினது. மத்தியானம் கெட்டிருக்கும்."

"காலைல ஏழு மணிக்கு நீங்க வீட்டுல பல்லு தேச்சிட்டிருந்திய" என்றாள் மனைவி.

"அப்பா, இது கிரீன்விச் டைம்" என்றாள் மகள். "அஞ்சரை மணி நேரம் கூட்டணும்."

கூட்டினாள். பன்னிரண்டரையிலிருந்து நாலு மணிவரை. டெம்போ வந்தது ஒரு மணிக்கு.

மனைவி கோப்பைக் கட்டி வைத்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கோபப்பட்டிருந்தால் பதில் சொல்ல எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். சமையலறை வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"கடைசில அந்த ழ-வுக்கு என்ன முடிவாச்சு?"

"ஒண்ணும் முடிவாகல."

"அச்சா" என்றாள். முப்பது வருட டில்லி வாசத்தில் அவள் எடுத்துக்கொண்ட ஹிந்தியில் பாதி அந்த ஒரு சொல்தான். எந்தக் கோப்பையும் அதைச் சொல்லி மூடிவிடுவாள்.

அன்று சாயங்காலம் மகள் அந்தக் குளிர்தேசத்துக்காரரின் மடல்களை மட்டும் தனியாக எடுத்துப் படித்தாள். அவருடைய வாதம் எளிமையானது. வெளியூரில் வளரும் பிள்ளைகள் எல்லோருக்கும் தமிழ் எழுத்து வாய்க்காது, அவர்களுக்கு ஆங்கில எழுத்திலாவது தமிழ் கிடைக்கட்டும், ஒன்றுமே கிடைக்காததற்கு அது பரவாயில்லை. ஒரு மடலில் 'நீங்களும் டில்லியில் இருக்கிறீர்கள், உங்களுக்கும் ஒரு நாள் இது தேவைப்படலாம்' என்று எழுதியிருந்தார். அதற்குத்தான் நான் தரகர் என்று சொல்லியிருந்தேன்.

"இவருக்கு நீங்க மாஃபி கேக்கணும் அப்பா" என்றாள் மகள்.

"முப்பது வருஷம் ஆச்சு."

"அப்ப இன்னும் லேட் பண்ணாதீங்க."

ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். கல்லூரிப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருந்தது. மன்னிப்புக் கடிதம் எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. மனிதனின் ஆணவம், காலத்தின் நீதி என்றெல்லாம் முதல் வடிவத்தில் வந்துவிட்டது. மகளுக்குப் படித்துக் காட்டினேன். "இதுல சாரி எங்கே வருது?" என்று கேட்டாள். கடைசியில் ஆறு வரியில் சுருக்கி அனுப்பினேன். தமிழ் எழுத்தில்தான்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். 'அன்புள்ள நண்பருக்கு' என்று ஆரம்பித்தது.

சண்டை எதுவும் தனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தார். அந்தக் குழுவில் எல்லோரும் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார்கள், யார் யாரைத் திட்டியது என்று யார் கணக்கு வைத்தது? ஆனால் உங்களை எப்படி மறப்பேன்? குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று என் மனைவி குழுவில் கேட்டபோது, டில்லி அனுபவத்தில் வழி சொன்னவர் நீங்கள்தானே. மாவுப் பாத்திரத்தை ஓவன் என்கிற அடுப்புப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுவிடச் சொன்னீர்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாவு பொங்காத நாளே இல்லை. அவள் போய் நான்கு வருடமாகிறது. நான் இப்போதும் அப்படித்தான் வைக்கிறேன். ஞாயிறுதோறும் உங்களை நினைத்துக்கொள்வேன்.

இரண்டு முறை படித்தேன். கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம். என் வாதங்களெல்லாம் அவருக்கு மறந்துவிட்டன, என் மனிதத்தன்மை நிலைத்திருக்கிறது என்று ஒரு வாக்கியம் மனதில் ஓடியது. அடுத்த கூட்டத்துக்கு ஆகும் என்று தோன்றியது.

அந்த மடலை எடுத்துப் பார்க்கலாம் என்று தேடல் பெட்டியில் 'இட்லி' என்று அடித்தேன்.

அவர் மனைவியின் கேள்வி இருந்தது. அடுப்புப் பெட்டி விளக்கு யோசனையும் இருந்தது. அதை எழுதியவர் டில்லிக்காரர்தான், பெயரின் முதலெழுத்துகூட என்னுடையதுதான். ஆனால் நான் இல்லை. சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தில் வேலை பார்த்த யாரோ. அதற்குக் கீழே மூன்றாவதாக என் மடல் இருந்தது. 'இது மொழி குறித்த விவாதக் குழு. மாவு பொங்குவது பற்றிப் பேச உலகத்தில் வேறு இடங்கள் உண்டு.'

அன்று இரவுச் சாப்பாட்டில் வீடு இரண்டாகப் பிரிந்தது.

"சொல்லியே ஆகணும்" என்றாள் மகள். "வேற ஆளோட கிரெடிட் அது."

"சும்மா கெட" என்றாள் மனைவி. "அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை நிம்மதியா இட்லி சாப்பிடுதாரு. இவுகளைப் பத்தி முப்பது வருஷத்துல ஒருத்தர் நல்லது நெனச்சிருக்காரு. அதையும் கெடுக்கணுமா?"

மனைவியின் கட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அதில் சேரக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து உண்மையை எழுதினேன். யோசனை சொன்னவர் வேறு ஒருவர், இதோ அவர் மடல். மாவைப் பற்றி இங்கே பேசாதீர்கள் என்று எழுதியவன்தான் நான், இதோ என் மடல். இரண்டையும் இணைத்து அனுப்பினேன். இனிப் பதில் வராது என்று நினைத்தேன்.

மறுநாளே வந்தது. முதல் வரியிலிருந்தே ஆச்சரியக்குறிகள். அது நீங்களா! என் மனைவி உங்களை எவ்வளவு நாள் திட்டினாள் தெரியுமா! மாவு பொங்கும்போதெல்லாம், 'அந்த டில்லி ஆளுக்கு ஒரு தட்டு அனுப்பணும், வாயை மூடிட்டுத் தின்னட்டும்' என்பாள். இப்படி ஒரு சேமிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் எழுதியது எதுவும் என்னிடம் இல்லை. பழைய கணினிகளோடு எல்லாம் போய்விட்டது. என் கணக்கிலிருந்துதான் அவளும் எழுதுவாள், கடைசியில் தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் சின்னதாகப் போடுவாள். உங்களுக்குத் தேடத் தெரிகிறது. தேடித் தர முடியுமா?

அடுத்த ஒரு வாரம் மத்தியானங்களில் நான் செய்தது அதைத்தான். அவர் பெயரில் இருந்த மடல்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, அடிவரியை மட்டும் பார்த்தேன். பெரும்பாலும் ழகரம், சந்தி, ஒற்று, எனக்கான பொறுமையான பதில்கள். நடுநடுவே, திடீரென்று வேறு குரல். பனியில் வழுக்கி விழுந்ததைப் பற்றி ஒன்று. கறிவேப்பிலை கிடைக்கும் கடையைக் கண்டுபிடித்த சந்தோஷம் ஒன்று. தாலாட்டில் ஒரு வரி மறந்துவிட்டது, யாருக்காவது தெரியுமா என்று ஒன்று. அதற்கு எட்டு நாடுகளிலிருந்து எட்டு விதமாகப் பதில் வந்திருந்தது. மகள் குருகிராமிலிருந்து திரும்பியதும் அன்றைக்குக் கிடைத்ததைப் படித்துக் காட்டுவாள். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கறிவேப்பிலை மடலுக்கு, "பாவம், ஒரு இணுக்குக்கு எம்புட்டு அலைஞ்சிருக்கா" என்றாள்.

மொத்தம் ஒன்பது கிடைத்தன. ஒன்பதாவது எனக்கு எழுதியது. நான் மறந்தே போயிருந்தேன்.

'டில்லி நண்பருக்கு. என் கணவர் உங்களுக்குப் பதில் எழுதுவதற்காக மூன்று நாளாக இரவுச் சாப்பாட்டை ஆறவிடுகிறார். உங்கள் வீட்டிலும் யாராவது சாப்பாட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இருவரும் போய்ச் சாப்பிடுங்கள். தமிழ் நாளைக்கும் இருக்கும்.' கீழே அந்தச் சின்ன எழுத்து.

அதற்கு நான் பதில் எழுதியிருந்தேனா என்று பார்த்தேன். எழுதியிருந்தேன். 'சாப்பாட்டை' என்பதில் ஒற்று இரட்டிப்பதை ஆங்கில எழுத்தில் அவர் தவறாகக் காட்டியிருப்பதாகச் சுட்டிக்காட்டியிருந்தேன்.

ஒன்பது மடல்களையும் வரிசைப்படுத்தினேன். என் பதிலை அதில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். மகள் சேர்க்கச் சொன்னாள். இந்த முறை மனைவியும் அதையே சொன்னாள். சேர்த்தேன். நேரங்களை மட்டும் மகள் அவருடைய ஊர் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தாள். அவர் மனைவி எழுதியது காலையிலா சாயங்காலமா என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்றாள்.

அனுப்பி மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் ஒரு வரி வந்தது.

'கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒன்று என்று படிக்கிறேன். இன்றைக்கு, அவள் பனியில் வழுக்கி விழுந்த மடல்.'